கால்களால் கலக்கிய தண்ணீர்



இறைவாக்கினர் எசேக்கியேலின் ஆகமத்தில் முப்பத்து நான்காம் அதிகாரம் ஆயர்களைப் பற்றியது. மந்தையைக் கைவிட்டுத் தம்மையே மேய்த்துக்கொண்ட ஆயர்களை ஆண்டவர் அங்கே கடிந்துகொள்கிறார். குருமாராகிய நாங்கள் அடிக்கடி வாசித்து அஞ்ச வேண்டிய அதிகாரம் அது. ஆனால் அதன் நடுவில், பதினெட்டாம் பத்தொன்பதாம் வசனங்களில், கண்டனம் ஆயர்களை விட்டு ஆடுகளின் மேல் திரும்புவதை நாம் பெரும்பாலும் கவனிப்பதில்லை.

மந்தைக்குள்ளேயே கொழுத்த ஆடுகளும் உண்டு, மெலிந்த ஆடுகளும் உண்டு. கொழுத்தவை முந்திக்கொண்டு நீர்த்துறைக்கு ஓடுகின்றன. தெளிந்த தண்ணீரைக் குடிக்கின்றன. குடித்தபின் விலகிப் போவதுமில்லை. எஞ்சிய தண்ணீரைக் காலால் மிதித்துக் கலக்குகின்றன. பின்னால் வரும் மெலிந்த ஆடுகளுக்குச் சேறுதான் மிஞ்சுகிறது. உங்கள் தாகம் தீர்ந்தது போதாதா, மற்றவற்றின் பங்கையும் ஏன் கெடுத்தீர்கள் என்பதே ஆண்டவர் தொடுக்கும் வழக்கு.

இங்கே சொல்லப்படும் பாவங்கள் இரண்டு. தெளிந்ததைத் தனக்கென்று எடுத்துக்கொள்வது ஒன்று. எஞ்சியதைக் கெடுத்துவிடுவது மற்றொன்று. இவ்விரண்டும் பழைய ஏற்பாட்டோடு முடிந்துபோன பாவங்கள் அல்ல. நமக்கு மிகவும் வேண்டியவர்கள் வாழும் ஒரு நாட்டில், நம் காலத்திலேயே நடந்தவற்றைச் சிறிது சிந்திப்போம்.

தெளிந்ததைக் குடித்தவர்கள்

கனடா என்றவுடன் நம்மில் பலருக்கு ஒரு மகன், ஒரு மகள், ஒரு சகோதரன் நினைவுக்கு வருவார். அங்கே குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது, அதை அப்படியே குடிக்கலாம் என்று அவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அது உண்மைதான். உலகில் நன்னீர் மிகுந்த நாடுகளுள் கனடாவும் ஒன்று. ஆனால் வெள்ளையர் வருமுன்பே அந்த ஏரிகளின் கரைகளில் வாழ்ந்துவந்த ஆதிக்குடிகள் பலருக்கு அந்தத் தண்ணீரைக் குடிக்கும் வாய்ப்பு இல்லாமற் போயிற்று.

மனிற்றோபா, ஒன்ராறியோ மாகாணங்களின் எல்லையில் ஷோல் என்னும் ஏரி இருக்கிறது. அதன் கரையில் அனிஷினாபே இனத்தைச் சேர்ந்த ஒரு சிறு சமூகம் வாழ்கிறது. ‘ஷோல் லேக் 40’ என்பது அரச ஏடுகளில் அதன் பெயர். அவர்களின் முன்னோர் 1873ஆம் ஆண்டில் பிரித்தானிய முடியுடன் உடன்படிக்கை செய்தவர்கள். ஆனால் வின்னிப்பெக் நகரம் வளர்ந்து அதற்கு நல்ல தண்ணீர் தேவைப்பட்டபோது, அவர்களின் நிலத்தில் ஏறக்குறைய 3,000 ஏக்கர் எடுக்கப்பட்டது. ஏரியிலிருந்து நகரம் வரை சுமார் 155 கிலோமீற்றர் நீளத்துக்கு நீர்க்கால்வாய் அமைக்கப்பட்டு, 1919ஆம் ஆண்டில் தண்ணீர் நகரைச் சென்றடைந்தது.

நகரத்துக்குப் போகும் தண்ணீரில் கலங்கல் நீர் சேரக்கூடாது என்பதற்காக வெட்டிய வாய்க்கால் ஒன்று, அந்த மக்களின் குடியிருப்பைத் தரையிலிருந்து துண்டித்துத் தீவாக்கிவிட்டது. கோடை காலத்தில் படகு, மாரியில் உறைந்த ஏரியின் பனிக்கட்டி. இவையே அவர்களின் பாதை. பனிக்கட்டி உடைந்து ஏரிக்குள் விழுந்து இறந்தவர்களும் உண்டு.

ஏழு இலட்சத்துக்கு மேற்பட்டோர் வாழும் நகரம் அந்த ஏரித் தண்ணீரைக் குடித்து வளர்ந்தது. ஏரிக்கரையில் இருந்தவர்களுக்கோ 1997ஆம் ஆண்டில், உங்கள் குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் குடிக்கக்கூடாது என்ற அறிவித்தல் வந்தது. ஏன் ஒரு சுத்திகரிப்பு நிலையம் கட்டவில்லை? றோட்டு இல்லை, ஆகவே செலவு அதிகம் என்றார்கள். றோட்டு ஏன் இல்லை? அந்த வாய்க்கால்தான் காரணம். அறிவித்தல் நீடித்த 24 ஆண்டுகளில் அந்த மக்கள் போத்தல் தண்ணீரை வெளியிலிருந்து இறக்கிக் குடித்தார்கள். 2019ஆம் ஆண்டில்தான் றோட்டு வந்தது. ‘விடுதலை வீதி’ என்று அதற்குப் பெயரிட்டார்கள். 2021 செப்டெம்பரில் சுத்திகரிப்பு நிலையம் திறக்கப்பட்டு, அந்த ஏரித் தண்ணீரை அவர்களும் நம்பிக் குடித்தார்கள்.

வின்னிப்பெக் மக்கள் கொடியவர்கள் அல்லர். உங்களையும் என்னையும் போன்றவர்களே. காலையில் எழுந்து குழாயைத் திறந்தார்கள், குடித்தார்கள், பிள்ளைகளைக் குளிப்பாட்டினார்கள். அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, அங்கே யார் இருக்கிறார்கள் என்று பலர் கேட்கவில்லை. புனித லூக்கா எழுதிய நற்செய்தியில் வரும் செல்வந்தனும் இலாசரை அடித்து விரட்டியதாக நாம் வாசிப்பதில்லை. வாசலில் கிடந்தவனை அவன் காணாதிருந்தான், அவ்வளவுதான். அதற்கே அவன் நெருப்பில் கிடந்து ஒரு துளித் தண்ணீருக்கு ஏங்க நேர்ந்தது.

எஞ்சியதைக் கலக்கியவர்கள்

இரண்டாவது பாவம் இன்னும் கொடியது. அது நடந்தது ஒன்ராறியோவில், நம் உறவினர் மிகுதியாக வாழும் அதே மாகாணத்தில். அதன் வடமேற்குப் பகுதியில் கிராசி நரோஸ் என்னும் ஆதிக்குடி ஊர் இருக்கிறது. வாபிகூன், இங்கிலிஷ் என்னும் ஆறுகளும் அவற்றோடு இணைந்த ஏரிகளுமே அவர்களின் வயலும் சந்தையும். மீன்தான் உணவு, மீன்தான் தொழில். மன்னாரிலும் பாசையூரிலும் முல்லைத்தீவிலும் வாழும் நம் கடற்றொழிலாளர் குடும்பங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆற்றின் மேற்பகுதியில் டிரைடன் என்ற ஊரில் ஒரு காகித ஆலை இருந்தது. காகிதத்தை வெளுக்கக் குளோரின் வேண்டும். அந்தக் குளோரினைத் தயாரிக்கப் பாதரசம் பயன்பட்டது. 1962ஆம் ஆண்டுக்கும் 1970ஆம் ஆண்டுக்கும் இடையில் ஏறக்குறைய 9,000 கிலோகிராம் பாதரசம் ஆற்றில் விடப்பட்டது. தண்ணீரின் நிறம் மாறவில்லை, மணமும் மாறவில்லை. ஆற்றடிச் சேற்றிலுள்ள நுண்ணுயிர்கள் பாதரசத்தை வேறொரு கொடிய நஞ்சாக மாற்றின. அதைச் சிற்றுயிர்கள் உண்டன. அவற்றைச் சிறு மீன்கள் உண்டன. சிறு மீன்களைப் பெரிய மீன்கள் உண்டன. ஒவ்வொரு படியிலும் நஞ்சு செறிந்துகொண்டே போயிற்று. கடைசியில் அது தாயின் கையால் சமைத்த உணவாகப் பிள்ளையின் தட்டுக்கு வந்தது. கருப்பையிலிருந்த சிசுவையும் அது விடவில்லை.

கைகால் விறைத்தல், நடை தள்ளாடுதல், பார்வை சுருங்குதல், பேச்சுக் குழறுதல் ஆகியவை அந்நோயின் அறிகுறிகள். ஜப்பானில் மினமாட்டா விரிகுடாவில் இதே நஞ்சால் வந்த நோயை ஆராய்ந்த வைத்தியர் மசசுமி ஹராடா 1975ஆம் ஆண்டில் அங்கே சென்று மக்களைப் பரிசோதித்தார். அங்கே தாம் கண்ட அறிகுறிகளையே இங்கும் கண்டார்.

1970ஆம் ஆண்டில் மீன் விற்கும் தொழில் நிறுத்தப்பட்டது. மீனை உண்ணாதீர்கள் என்று அம்மக்களுக்குச் சொல்லப்பட்டது. அதற்குப் பதிலாக எதை உண்பது, எதைச் செய்து பிழைப்பது? தொழிலிழந்த ஊரில் குடியும் விரக்தியும் புகுந்தன. 1986ஆம் ஆண்டில் ஒரு நட்டஈட்டு உடன்பாடு ஏற்பட்டது. ஆற்றடியில் கிடந்த நஞ்சை அகற்ற ஒன்ராறியோ அரசு 85 மில்லியன் டொலர் ஒதுக்குவதாக வாக்களித்தது 2017ஆம் ஆண்டில். ஆலை நஞ்சைக் கொட்டத் தொடங்கி அப்போது 55 ஆண்டுகள் கழிந்திருந்தன. அந்த வேலை இன்னும் முடிந்தபாடில்லை.

2014, 2015ஆம் ஆண்டுகளில் சுன்னாகம் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்திருப்பதாகச் செய்தி வந்தபோது நம் மக்கள் பட்ட பதற்றத்தை எண்ணிப் பாருங்கள். பிறந்த நாள் முதல் குடித்த கிணற்றைச் சந்தேகத்தோடு எட்டிப் பார்த்தோம். குழந்தைக்கு எந்தத் தண்ணீரைக் கொடுப்பது என்று தாய்மார் கலங்கினார்கள். வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்று, 2019ஆம் ஆண்டில் நட்டஈடு வழங்கும்படி கட்டளை பிறந்தது. நாம் அனுபவித்த அந்தக் கலக்கத்தை அரை நூற்றாண்டுக்கு மேலாக நீட்டிப் பாருங்கள். அதுவே கிராசி நரோஸ் மக்களின் வாழ்வு.

தானமா, நீதியா?

இதைக் கேட்கும் நல்ல உள்ளங்கள், பாவம் அந்த மக்கள், ஏதாவது உதவி செய்ய வேண்டும் என்று சொல்லும். இரக்கம் நல்லது. ஆனால் இங்கே இரக்கம் மட்டும் போதாது. ஒருவனுடைய கிணற்றைத் தூர்த்துவிட்டு, பிறகு அவனுக்கு ஒரு செம்பு தண்ணீர் கொடுத்தால் அது தானமாகுமா? கிணற்றைத் திரும்பத் தோண்டிக் கொடுப்பதே கடமை.

இது புதிய போதனையல்ல. நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தை ஆகாப் அரசன் பறித்த கதையை விளக்கிய புனித அம்புறோசியார், ஏழைக்குக் கொடுக்கும் செல்வன் தன்னுடையதைத் தானம் செய்யவில்லை, ஏழைக்கு உரியதையே அவனிடம் திருப்பிக் கொடுக்கிறான் என்று நான்காம் நூற்றாண்டிலேயே போதித்தார். பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் 1967ஆம் ஆண்டில் மக்களின் முன்னேற்றம் பற்றி எழுதிய நிருபத்தில் அந்தப் போதனையை உலகுக்கு மீண்டும் நினைவூட்டினார். 2015ஆம் ஆண்டில் பாப்பரசர் பிரான்சிஸ், நமது பொது இல்லமாகிய பூமியைப் பற்றிய தம் நிருபத்தில், பாதுகாப்பான குடிநீர் மனிதருக்குரிய அடிப்படை உரிமை என்று கூறினார். அதே நிருபத்தில், ஆதிக்குடிகளின் நிலத்தைப் பாதிக்கும் பெரும் திட்டங்கள் வரும்போது முதலில் அவர்களுடனேயே பேச வேண்டும் என்றும், நிலம் அவர்களுக்கு விற்பனைப் பொருளல்ல, இறைவனும் முன்னோரும் தந்த கொடை என்றும் எடுத்துரைத்தார். ஐக்கிய நாடுகள் சபையும் 2007ஆம் ஆண்டில் ஆதிக்குடிகளின் உரிமைகளை அறிவித்து, 2010 யூலையில் குடிநீரை மனித உரிமையாக ஏற்றுக்கொண்டது.

ஏட்டில் உரிமை வந்துவிட்டது. குழாயில் தண்ணீர் வரவேண்டும். 2015ஆம் ஆண்டின் இறுதியில் கனடாவின் ஆதிக்குடி ஊர்களில் நீண்டகாலக் குடிநீர் எச்சரிக்கைகள் 105 இருந்தன. 2021 மார்ச் மாதத்துக்குள் எல்லாவற்றையும் நீக்குவதாக மத்திய அரசு வாக்களித்தது. பெரும்பாலானவை நீக்கப்பட்டன, எல்லாம் நீக்கப்படவில்லை. ஒன்ராறியோவின் வடக்கே நெஸ்கன்ராகா என்ற ஊரில் 1995 பெப்ரவரியில் விடுக்கப்பட்ட எச்சரிக்கை 2025 பெப்ரவரியில் முப்பது ஆண்டுகளைத் தாண்டியது. அங்கே ஒரு குழந்தை பிறந்து வளர்ந்து தானே தந்தையாகிவிட்டான். தன் வீட்டுக் குழாயில் ஒரு வாய் தண்ணீர் நம்பிக் குடித்ததில்லை.

ஆனால் இம்மக்கள் கைகட்டிக் கிடக்கவில்லை. கிராசி நரோஸ் ஊரின் பெண்களும் இளைஞரும் 2002 டிசெம்பரில் மரம் வெட்டும் வண்டிகளை மறித்துத் தங்கள் காட்டு வழியில் அமர்ந்தார்கள். 2014ஆம் ஆண்டில் அவ்வூரின் முன்னாள் தலைவர் ஒருவர், நோயுற்ற உடலோடு, ரொறன்ரோவில் சட்டசபை முன்றலில் உண்ணாவிரதம் இருந்தார். அனிஷினாபே இனத்துப் பாட்டி ஜோசபின் மண்டமின் 2003ஆம் ஆண்டு தொடங்கி, செப்பு வாளியில் தண்ணீரை ஏந்திக்கொண்டு, அந்நாட்டின் பேரேரிகளைக் கால்நடையாகவே சுற்றிவந்தார். 2019ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். தண்ணீரைக் காப்பது பெண்களின் கடமை என்பது அம்மக்களின் மரபு. சமாரியப் பெண் குடத்தோடு கிணற்றடிக்கு வந்ததையும், அங்கே நம் ஆண்டவர் தாகத்தோடு அமர்ந்திருந்ததையும் எண்ணும்போது, அந்தப் பாட்டியின் நடை ஒரு செபமாகவே நமக்குத் தோன்றவில்லையா?

திருச்சபைக்கும் ஒரு கணக்கு உண்டு

பிறரைக் குற்றம் சாட்டி, நம் வீட்டை மூடிவைக்கக் கூடாது. ஆதிக்குடிகளின் நிலத்தையும் நீரையும் பறிப்பது எளிதாயிருந்ததற்கு, முதலில் அவர்களின் பிள்ளைகளையும் மொழியையும் பறித்தது ஒரு காரணம். கனடாவில் 150,000க்கு மேற்பட்ட ஆதிக்குடிப் பிள்ளைகள் விடுதிப் பாடசாலைகளில் சேர்க்கப்பட்டார்கள். பலர் பெற்றோரிடமிருந்து பிரித்தெடுக்கப்பட்டவர்கள். அப்பாடசாலைகளில் பெரும்பகுதியை நடத்தியவர்கள் கத்தோலிக்க சபையினர். அவர்களுள் அமலமரித் தியாகிகள் சபையினரும் இருந்தார்கள். 1847ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்து, வெயிலிலும் கொள்ளைநோயிலும் நமக்காக உழைத்த அதே சபை. நாம் நன்றியோடு நினைப்பவர்களின் சகோதரர்கள் இன்னொரு கண்டத்தில் இந்தக் கொடுமைக்குக் கருவியானார்கள். இரண்டும் உண்மை, ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைக்க முடியாது.

1991ஆம் ஆண்டில் அச்சபையினர் அல்பேட்டா மாகாணத்தில் புனித அன்னம்மாள் ஏரித் திருயாத்திரையின்போது மன்னிப்புக் கேட்டார்கள். 2022 யூலையில் பாப்பரசர் பிரான்சிஸ் சக்கர நாற்காலியில் கனடாவுக்குச் சென்று, ஆதிக்குடிகளின் முன்னிலையில் மன்னிப்புக் கேட்டார். புனித அன்னம்மாளின் திருநாளில் அதே ஏரிக்கரையில் நின்று அந்தத் தண்ணீரை ஆசீர்வதித்தார். பாப்பரசர்களின் பழைய ஓலைகளைக் காட்டி ஆதிக்குடிகளின் நிலத்தைத் தமதென்று சொந்தம் கொண்டாடிய கோட்பாட்டை 2023 மார்ச்சில் வத்திக்கான் வெளிப்படையாக மறுத்தது. மன்னிப்புக் கேட்டவன் எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கவும் வேண்டும் என்று நாம் பாவசங்கீர்த்தனத்துக்கு ஆயத்தம் செய்யும் சிறு பிள்ளைகளுக்கே சொல்லிக் கொடுக்கிறோம். பெரியவர்களுக்கும் அரசுகளுக்கும் திருச்சபைக்கும் அதே சட்டம்தான்.

நம் கிணற்றடி

இது கனடாவின் கதை மட்டுமா? நம் நாட்டிலும் ஆதிக்குடிகள் உண்டு. மகாவலித் திட்டம் விரிந்த காலத்தில், 1983ஆம் ஆண்டில் மாதுறு ஓயாக் காடு தேசிய வனமாக்கப்பட்டது. தலைமுறை தலைமுறையாக அங்கே வேட்டையாடியும் தேன் எடுத்தும் வாழ்ந்த வேடர்கள் அன்றிலிருந்து தங்கள் காட்டிலேயே அந்நியரானார்கள். பல குடும்பங்கள் ஹெனானிகல என்ற இடத்துக்கு மாற்றப்பட்டன. முதியவர் திசாகாமியும் அவரைச் சேர்ந்தவர்களும் தம்பானையை விட்டுப் போக மறுத்தார்கள். கிழக்கிலே வாகரைப் பக்கத்தில் வாழும் கரையோர வேடர்கள் நம் தமிழையே பேசுகிறார்கள். நம் உரிமைகளைப் பற்றி நாம் பேசும்போது அவர்களின் பெயர் எத்தனை தடவை வந்திருக்கிறது?

இன்னொன்றையும் சொல்லாமல் விடமுடியாது. நம் யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஒடுக்கப்பட்ட சாதியினர் கிணற்றில் தாமாக அள்ளக்கூடாது என்றிருந்த காலம் வெகு தூரத்தில் இல்லை. யாராவது வந்து ஊற்றும் வரை குடத்தோடு காத்து நின்ற தாய்மார், நம்முடன் ஒரே பீடத்தில் திவ்விய நற்கருணை வாங்கியவர்கள். நம் கிணறுகளிலும் கொழுத்த ஆடுகள் இருந்தன. இன்றும் எந்த ஒழுங்கைக்குக் குழாய் முதலில் வருகிறது, எந்தக் குடியிருப்புக்குப் பவுசர் கடைசியாக வருகிறது என்று கவனித்துப் பாருங்கள்.

ஆகவே, நாம் செய்யக்கூடிய மூன்று காரியங்களைக் குறிப்பிட விரும்புகிறேன்.

முதலாவது, கனடாவிலுள்ள உங்கள் பிள்ளைகளோடு அடுத்த முறை பேசும்போது, தாங்கள் வாழும் நிலம் எந்த ஆதிக்குடிகளுடையது என்று அறிந்திருக்கிறார்களா என்று கேளுங்கள். கிராசி நரோஸ் மக்கள், ஆற்றைக் குறிக்கும் நீலத் துணிகளை ஏந்தி ரொறன்ரோ வீதிகளில் பல முறை ஊர்வலம் வந்திருக்கிறார்கள். அவர்கள் மீண்டும் வரும்போது தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்களும் கூட நடக்கட்டும். நம் பிள்ளைகள் அங்கே வாக்குரிமை பெற்ற குடிமக்கள். வீடிழந்து, ஊரிழந்து அந்நாட்டில் புகலிடம் பெற்றவர்கள், அந்நாட்டிலேயே ஊரிழந்தவர்களின் துன்பத்தை மற்றெவரையும் விட நன்கு அறிய வேண்டியவர்கள் அல்லரா?

இரண்டாவது, பங்குச் சபைகளும் பக்திச் சபைகளும் தம் பங்கின் எல்லைக்குள் நல்ல தண்ணீர் கிடைக்காத வீடுகள் எவை என்று கணக்கெடுக்கட்டும். கணக்கெடுத்தபின் தண்ணீர்ப் போத்தல் கொடுத்துவிட்டுப் படம் எடுக்க வேண்டாம். அந்த வீட்டாருடன் சேர்ந்து பிரதேச சபைக்குப் போங்கள். அவர்கள் பேசட்டும், நாம் பக்கத்தில் நிற்போம்.

மூன்றாவது, ஒரு திட்டம் வருகிறது, அணை வருகிறது, தொழிற்சாலை வருகிறது என்றால் ‘எங்களுக்கு என்ன கிடைக்கும்?’ என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். ‘யாருடைய தண்ணீர் போகும்? அவர்களைக் கேட்டார்களா?’ என்றும் கேளுங்கள்.

எசேக்கியேல் மந்தையின் வழக்கோடு தம் ஆகமத்தை முடிக்கவில்லை. நாற்பத்தேழாம் அதிகாரத்தில் தேவாலயத்தின் வாசற்படியின் கீழிருந்து தண்ணீர் ஊறிப் புறப்படுவதைக் காண்கிறார். அது கணுக்கால் அளவாகி, முழங்கால் அளவாகி, நீந்திக் கடக்க வேண்டிய ஆறாகிறது. உயிரற்ற உப்புக் கடலில் சென்று கலந்து, அந்தக் கடலையே நன்னீராக்குகிறது. அங்கே மீன்கள் திரளாகப் பெருகுகின்றன. மீனவர்கள் கரையில் நின்று வலைகளை விரித்துக் காயவைக்கிறார்கள். நஞ்சான ஆறு சுகமாகும், வலை மீண்டும் விரியும் என்பது கடவுளின் வாக்கு.

கவனியுங்கள், அந்தத் தண்ணீர் ஆலயத்திலிருந்து புறப்படுகிறது. ஆலயத்துக்குள்ளேயே தேங்கி நிற்கவில்லை. ஞாயிறுதோறும் கோவில் வாசலில் தீர்த்தத் தொட்டியில் விரலைத் தோய்த்துச் சிலுவை அடையாளம் வரைகிறோம். அந்த ஒரு துளியால் நாம் ஞானஸ்நானத்தை நினைவுகூருகிறோம். அதே ஞானஸ்நானத்தில் மெலிந்த ஆடுகளுக்கும் சகோதரரானோம். வரும் ஞாயிறு அந்தத் தொட்டியைத் தொடும்போது, தாகத்தோடு இருக்கும் சகோதரன் ஒருவனின் பெயரையோ ஊரையோ மனதில் சொல்லிக்கொள்ளுங்கள். வெளியே வந்தபின் அவனுக்காக என்ன செய்யப் போகிறோம் என்று ஆண்டவர் கேட்பார். அதற்கு ஒரு பதிலோடு போவோமாக.